மூன்றாவது மாடிப் புகார்

“புகார் உண்மைன்னு எழுதிட்டீங்கன்னா சீசன் அவ்வளவுதானா, மேடம்?”

இசை அரங்கத்தின் மேனேஜர் கேட்டபோது அவள் மீட்டருக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தாள். நகராட்சியில் சத்தம் அளக்கிற அதிகாரி. அரங்கத்தில் எல்லாரும் அவளை மீட்டரம்மா என்றார்கள், அவள் காதில் விழாது என்ற தைரியத்தில்.

“உண்மைன்னா அனுமதி ரத்தாகும் சார். பொய்யின்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அளந்துட்டுத்தான் எழுதுவேன்.”

“இன்னைக்கும் அடுத்த வாரமும்தான் பாக்கி. கடைசி நாள் ஜாஸ்காரங்களும் வெஸ்டர்ன் கிளாசிக்கல்காரங்களும் ஒரே மேடையில. அவங்களை ஒண்ணா உக்கார வெக்க எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு.”

“முதல் புகார் என்னைக்கு வந்துச்சு?”

“ஜாஸ் அன்னைக்கு. வயலின்காரங்களுக்கு ஒரே குஷி. டிரம்ஸைப் போட்டு உடைச்சா பின்ன என்ன மாலையா போடுவாங்கன்னாங்க. அடுத்த வாரம் அவங்க நாலு பேர் வாசிச்சாங்க, அதுக்கும் புகார். அன்னைக்கு சாக்ஸபோன்காரர் எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மீட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

“நானும் என்னென்னவோ செஞ்சு பாத்துட்டேன். டிரம்ஸுக்கு குச்சி வேண்டாம், பிரஷ் போதும்னேன். டிரம்பெட் வாயில அடைப்பான் வெக்கச் சொன்னேன், அவர் இன்னும் என்கூடப் பேசறதில்லை. மேடைக்குப் பின்னால கனமா திரை போட்டேன். இந்த வருஷம் ஏசிக்காக ரெட்டைக் கண்ணாடி வேற. குறைக்கக் குறைக்கப் புகார் கூடுது மேடம். போன வாரம் ஒரே ஒரு செல்லோ, பெரிய வயலின் மாதிரி இருக்குமே, அது. அதுவும் தூங்க வெக்கிற மாதிரி வாசிச்சார். அன்னைக்கு ரெண்டு புகார். யாருன்னாவது சொல்லுங்க, நேர்ல போய் கால்ல விழறேன்.”

“சொல்லக் கூடாது சார். விதி.”

எதிர்க் கட்டடத்தின் படிகளில் ஏறும்போது அவள் அதையே யோசித்தாள். அவள் படித்தது இயற்பியல். சுவர் தடித்தால் சத்தம் குறையும், தூரம் கூடினால் குறையும். சத்தம் குறைந்தால் எரிச்சல் கூடும் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை. கையில் எட்டு ஃபாரம் இருந்தும் பிரயோஜனமில்லை. எல்லாவற்றிலும் கட்டங்கள், கட்டங்களில் டிக். வகை, சத்தம். இடம், இசை அரங்கம். நேரம், மாலை ஏழு முதல் ஒன்பது. காரணம் எழுத ஒரு வரிகூட விடவில்லை அவளுடைய அலுவலகம்.

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு டேப், உதட்டில் இரண்டு குண்டூசி. ஊசிகளை எடுத்து குட்டி ஊசி மெத்தையில் குத்திவிட்டுத்தான் பேசினாள்.

“வாம்மா. எட்டு ஃபாரம் போட்டாத்தான் ஒரு ஆள் வருமா உங்க ஆபீஸ்லேர்ந்து?”

“கோவிச்சுக்காதீங்க அக்கா. ஊருக்கே நான் ஒருத்திதான் அளக்கறேன்.”

ஒற்றை அறை. தையல் மெஷினை இழுத்து ஜன்னலோடு ஒட்டிப் போட்டிருந்தது. ஜன்னலின் இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தன. நேர் எதிரே அரங்கம்.

“சாயந்திரத்துல ஜன்னலை மூடி வெச்சுக்கலாமே, அக்கா?”

“நல்லா சொன்னே போ. நான் ஏன் மூடணும்? தப்பு அவங்க பக்கம்.”

சுவரில் சீசன் நிகழ்ச்சி நிரல் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் பென்சில் எழுத்து. ஜாஸ் நாளுக்கு எதிரே ‘நீளத் தையல்’. வயலின் நால்வருக்கு எதிரே ‘காஜா’. செல்லோவுக்கு எதிரே ‘கையால் ஓரம் மடிக்க’. எல்லாவற்றின் மேலும் சிவப்பில் பெருக்கல் குறி. எதிரியை இவ்வளவு ஒழுங்காகக் கண்காணிக்கிறவர்களை அவள் பார்த்ததில்லை.

ஏழு அடித்தது. எதிரே விளக்குகள் எரிந்தன. அக்கா மெஷினை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மீட்டரம்மா ஜன்னல் விளிம்பில் மீட்டரை வைத்து டெசிபலைப் பார்த்தாள்.

முப்பத்தெட்டு.

கண்ணாடிக்குப் பின்னால் டிரம்ஸ்காரரின் தோள்கள் ஆடின. டிரம்பெட் மேலே உயர்ந்தது. முப்பத்தெட்டு. பத்து நிமிடம் கழித்தும் அதேதான். கீழே ஒரு சைக்கிள் போனபோது மட்டும் நாற்பத்தொன்று.

“என்ன சொல்லுது உன் மெஷின்?” என்றாள் அக்கா.

“முப்பத்தெட்டு. இது வெறும் தெருச் சத்தம். ஒரு ஃபிரிட்ஜ்கூட இதுக்கு மேல போடும்.” அவள் தயங்கினாள். “அக்கா, எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு. அங்கேர்ந்து ஒரு பொட்டுச் சத்தம் வரல. புகார் பொய்யின்னுதான் நான் எழுதணும்.”

“பொய்யா? இப்பத்தானே அளந்தே?” அக்கா எதிரே இருந்த கண்ணாடியைக் காட்டினாள். “நாலு வருஷம் அவங்க வாசிக்க வாசிக்க இந்த ஜன்னல்ல உக்காந்து தைச்சேன், இந்த வருஷம் கண்ணாடியைப் போட்டு அடைச்சுட்டாங்க. ஒண்ணுமே கேக்கலைன்னு சொல்ல உங்க ஃபாரத்துல கட்டம் எங்கம்மா இருக்கு?”