குடைமிளகாய் தின்னி

"இவன் ஏன்டி உன்னைக் கொல்லாம விடுறான்?"

அடுப்பில் குடைமிளகாயை வதக்கிக்கொண்டே மகளின் போனை எட்டிப் பார்த்துக் கேட்டாள் இகுமி.

பதினொரு வயசு கொஹாரு தலை நிமிரவில்லை. "தெரியலம்மா."

போனில் ஆடும் சீட்டு விளையாட்டு அது. ஆளுக்கு இருபது உயிர். யாருடைய உயிர் முதலில் தீர்கிறதோ அவர் தோற்றார். ஒரு மாதமாக எட்டிப் பார்த்ததில் இகுமிக்கும் அவ்வளவு பிடிபட்டிருந்தது.

கொஹாருவுக்கு மிச்சம் இரண்டே உயிர். எதிரே மூன்று ஓநாய்கள் பாய நிற்கின்றன. ஒரே அடி போதும். ஆனால் அந்த ஆள் அடிக்கவில்லை. மருந்துச் சீட்டை எடுத்து, தனக்குப் போட்டுக்கொள்ளாமல் கொஹாருவுக்குப் போட்டான். இரண்டு ஏழாயிற்று.

கொஹாரு 'நன்றி' பட்டனைத் தட்டினாள். அந்தப் பக்கமிருந்து 'வணக்கம்' வந்தது.

ஆட்டத்துக்கு நடுவில் எவனாவது வணக்கம் சொல்வானா? இகுமி அந்த ஆளின் பேரைப் பார்த்தாள். 'குடைமிளகாய் தின்னி.' மூஞ்சியும் பேரும்!

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இதே ஆள். முக்கால் மணி நேரம் இழுப்பான். கடைசியில் தானே தோற்றுப் போவான்.

மறுநாள் வேலை செய்யும் கடையில், உருளைக்கிழங்கு போண்டாக்களை எண்ணெயில் போட்டபடி, கூட வேலை பார்க்கும் நானாமியிடம் கேட்டாள். நானாமி ரயிலில் வரும்போதெல்லாம் அதே விளையாட்டை ஆடுகிறவள்.

"என்ன சீட்டுக்கட்டு வெச்சிருக்கான்க்கா?"

"ஏதோ ஓநாய்க் கட்டு. கூடவே மருந்தும் இருக்கு."

"ஐயய்யோ, அதுவா! அஞ்சு நிமிஷத்துல ஆளைக் காலி பண்ணிரும்க்கா. பாயணும், அடிபட்டா மருந்து போட்டுக்கணும், திரும்பப் பாயணும். அதான் அதோட ஆட்டமே. எதிராளிக்கா மருந்து போடுறான்? முடிக்கிற அடி கையில இருந்தும் முடிக்காம இழுத்தா, எங்க ஆளுங்களுக்கு அது மூஞ்சியில துப்புற மாதிரி."

"சின்னப் பொண்ணு மூஞ்சியில எதுக்குடி துப்பணும்?"

நானாமி குரலைத் தாழ்த்தினாள். "அதான் பயமா இருக்கு. முதல்ல ஜெயிக்க விடுவானுங்க. அப்புறம் பழகுவானுங்க. அப்புறம் போட்டோ அனுப்புன்னு நிப்பானுங்க."

"அதுல பேச முடியுமா?"

"ஒரு எழுத்துகூட எழுத முடியாது. ஆறே பட்டன். வணக்கம், நன்றி, மன்னிச்சுக்கோ, சபாஷ்னு... அவ்ளோதான். ஆனாலும் விடாதீங்க. புகார் குடுங்க. வேணும்னே தோத்தாலே கம்பெனிக்காரன் ஆளைத் தூக்கிருவான்."

"எம்பொண்ணு தங்கம்டி நானாமி. விவாகரத்தாகி ரெண்டு வருஷம் ஆச்சு. பொண்ணைப் பாக்கணும்னு அந்த மனுஷன் மனு மேல மனு போட்டான். நான் விடுவேனா? 'அப்பாகூட ஒரு வார்த்தை பேசக்கூடாது'ன்னேன். அன்னையிலேர்ந்து ஒரு போன் கிடையாது, ஒரு கடுதாசி கிடையாது. சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை. அவளைப் போய் எவனோ..."

பேச்சு மும்முரத்தில் போண்டா கருகிப் போனது.

அன்று ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கியதுமே போனைப் பிடுங்கினாள்.

"வேணாம்மா! அவங்க நல்லவங்கம்மா."

"முகம் தெரியாதவனை நல்லவன்னு எப்படிடி சொல்றே?"

கொஹாரு வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

கொஹாரு ஆடவேண்டிய முறை அது. யாரும் ஆடாததால் நேரம் கரைந்துகொண்டே போனது. 'வணக்கம்' என்று வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி 'வணக்கம்'. அப்புறம் 'மன்னிச்சுக்கோ'. இகுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்தபடி புகாரை எழுதி அனுப்பிவிட்டுத்தான் போனைக் கீழே வைத்தாள். அதற்கப்புறம் மகள் கையில் போனைக் கொடுக்கவே இல்லை.

நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்தது. இகுமி கெத்தாக உரக்கப் படித்தாள்.

"'விசாரித்தோம். நாற்பத்தொரு ஆட்டங்களில் அவர் வேண்டுமென்றே தோற்றது உறுதியானது. நிரந்தரமாக நீக்கிவிட்டோம். அவர் இனி எங்கள் விளையாட்டில் நுழைய முடியாது. தங்கள் பிள்ளையின் மீது தாங்கள் காட்டிய அக்கறைக்கு நன்றி.' பாத்தியா? ஒழிஞ்சான் சனியன்!"

கொஹாரு தட்டிலிருந்த குடைமிளகாயை ஒவ்வொரு துண்டாக எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

"ஒதுக்காதடி. எனக்குத் தெரியாம அதையெல்லாம் எடுத்துத் தின்ன இங்க உங்கப்பாவா..."

இகுமி பாதியில் நிறுத்தினாள். வாய்க்குப் போன கவளம் அந்தரத்திலேயே நின்றது.

கொஹாரு அழவில்லை. அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அப்பாகூட ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னுதானேம்மா சொன்னே? நாங்க பேசவே இல்லையே."