களிமண்ணுக்கு வந்த சேதி

ஒரு குளத்தின் அடியில் களிமண் இருந்தது. குளம் வெட்டும்போது அது தட்டுப்பட்டதும் பெண்கள் குலவையிட்டார்கள். "களிமண் வந்தாச்சு, இனி ஒரு சொட்டுகூடக் கீழே இறங்காது!" என்று ஊரே கொண்டாடியது. அதோடு சரி. அப்புறம் ஒருவர்கூட அதன் பேரை எடுக்கவில்லை.

ஒரு கோடையில் குளம் வற்றி, கரையோரக் களிமண் வெளியே தெரிந்தது. அதன்மேல் ஒரு துளி வந்து விழுந்தது.

"எங்கேருந்து வர்றே?" என்று கேட்டது களிமண்.

"பள்ளிக்கூடத்திலேருந்து, செவ்வந்தியோட வந்தேன். அதோ, கரையில உட்கார்ந்திருக்காளே, அந்தப் பொண்ணுதான். இன்னிக்கு வாத்தியார் எல்லார் முன்னாடியும் உன் பேரைச் சொன்னார்."

"என் பேரையா! என்ன சொன்னார்?"

"'உன் தலையில களிமண்தான் இருக்கு'ன்னு அவகிட்ட சொன்னார்."

களிமண்ணுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "இத்தனை காலம் கழிச்சும் என்னை மறக்கலையே! ஊத்துறது எதுவும் வீணாப் போகாத தலைன்னு சொல்லியிருக்கார். பிள்ளை சந்தோஷத்துல குதிச்சிருப்பாளே?"

துளி களிமண்மேல் மெல்லப் பரவியது.

மழைத்தண்ணீர் இப்படி உப்புக் கரிக்காதே என்று களிமண்ணுக்கு அப்போதுதான் உறைத்தது.