ஆரஞ்சுப் புள்ளி

விடிந்தும் மூடுபனி விலகாத விரிகுடாவில், கண்ணுக்குத் தெரிகிற ஒரே ஆரஞ்சுப் புள்ளியை நோக்கிக் கயாக் படகைச் செலுத்துகிறார் அவர். கரையில் அடித்திருக்கும் கூடாரம் அதுதான். கூடாரத்தையும், அதே நிறத்தில் தனக்கொரு கயாக்கையும் வாங்கியவன் மைத்துனன். "தொலைஞ்சா ஒரு கலரைத் தேடினா போதும் அத்தான்" என்று கடையிலேயே சிரித்தான். மீன் தேடிப் பிரிந்து போனவனை எவ்வளவு கூப்பிட்டும் பதில் இல்லை. முன்னாலேயே கரையேறியிருப்பான், கள்ளன். "டேய், காப்பி ஆச்சா?" என்று மறுபடி கத்துகிறார். துடுப்பில் சொட்டும் நீர்கூடக் காதில் உரக்க விழுகிறது. முதுகுக்குப் பின்னால், வெகுதூரத்திலிருந்து, கூடாரத்தில் விட்டுவந்த மனைவியின் குரல் வருகிறது: "என்னங்க, சத்தம் தள்ளிப் போகுதே. கரை இந்தப் பக்கம். தம்பி உங்ககூடத்தானே இருக்கான்?" துடுப்பு அந்தரத்தில் நிற்கிறது. எதிரே ஆரஞ்சு மெல்ல ஏறி இறங்குகிறது, கவிழ்ந்தபடி.