புகார்ப் பிரிவில் அமைதி

நகராட்சிப் புகார்ப் பிரிவின் தொலைபேசி அன்றும் ஒலிக்கவில்லை.

அதன் முன்னே அமர்ந்திருந்தவள் மறுபடியும் எழுந்து சன்னலருகே சென்றாள். வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

மகளின் பள்ளி வாசலில் சாக்கடை மூடி உடைந்து ஒரு வாரமாகிறது. நேற்று மகளின் செருப்பு அதற்குள் விழுந்தது. நல்லவேளை, செருப்போடு போயிற்று. மழை பெய்து நீர் தேங்கினால், பள்ளம் எது, பாதை எது என்று பெரியவர்களுக்கே தெரியாது.

காலையில் பேருந்து நிறுத்தத்திலும் இதே பேச்சுத்தான். பூக்காரி திட்டினாள், தையற்காரர் திட்டினார், பிள்ளைகளை அழைத்து வந்த தாய்மார் அனைவரும் திட்டினர். அவளும் தன் பங்கிற்குத் திட்டினாள். தான் எங்கே வேலை செய்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"யாராவது ஒருத்தர் ஃபோன் போட்டாப் போதும்" என்று ஒருமனதாக முடிவு செய்து, அவரவர் பேருந்தில் ஏறிக்கொண்டனர்.

அலுவலக விதியும் அதுவே. பொதுமக்களிடமிருந்து அழைப்பு வந்தால்தான் ஆளை அனுப்பலாம். ஊழியர் தம் குறையைத் தாமே பதிவு செய்தல் ஆகாது. இப்பிரிவிற்கு மாற்றலாகி வந்த அன்றே அவளுக்கு அதைச் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே கணவனை அழைக்கச் சொன்னாள்.

"எத்தனை தடவ போடறது? மணி அடிக்குது, எவனும் எடுக்கல" என்றான் அவன்.

அவள் நம்பவில்லை. அவனுடைய சோம்பல் அவள் அறியாததா? இரண்டு நாட்களாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்கறாங்களே, தம்பி" என்றாள், எதிர்மேசைத் தட்டச்சரிடம்.

"கூப்பிடாத வரைக்கும் நமக்கு நிம்மதிதானேக்கா."

முதல் துளி சன்னல் கம்பியில் தெறித்தது. பள்ளி விடும் நேரம் நெருங்கியது.

சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை. தூசி படிந்திருந்த ரிசீவரைத் துடைப்பதற்காக எடுத்தாள். துடைத்தபின், ஏனென்று அறியாமல், காதில் வைத்தாள்.

ஓசையே இல்லை. இரைச்சல்கூட இல்லை.

பொத்தானைத் தட்டினாள். மீண்டும் தட்டினாள்.

தட்டச்சர் தலை நிமிரவில்லை.

"அது போன மாசமே செத்துப்போச்சேக்கா. யாராவது சொல்லியிருப்பாங்கன்னுல்ல நெனச்சேன்."

சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். ரிசீவர் மேசை விளிம்பில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. மாடிப்படிகளில் செருப்பொலி தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

வெளியே மழை வலுத்துவிட்டது.