நாலு ஸ்க்ரூ

பொத்தானை அமுக்கினால் உள்ளே விசிறி சுற்றுகிறது. திரை மட்டும் இருட்டாகவே இருக்கிறது.

மெக்கானிக் மறுபடி அமுக்கினார். விர்ரென்று காற்றுச் சத்தம், அவ்வளவுதான். உயிரோடுதான் இருக்கிறேன், ஆனால் உன்னோடு பேசமாட்டேன் என்று அந்தக் கம்ப்யூட்டர் அடம்பிடித்தது.

காலையில்தான் அதற்கு மதர்போர்டு மாற்றியிருந்தார். புத்தம்புதிய போர்டு. கெட்டுப்போக அதற்கு இன்னும் வயதே ஆகவில்லை.

மெமரியைக் கழற்றி, அதன் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினார். இடம் மாற்றியும் மாட்டினார். காசு போலிருக்கும் பேட்டரியை எடுத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டார். வேறு மானிட்டர் வைத்துப் பார்த்தார். தெரிந்த வித்தையெல்லாம் காட்டியாயிற்று. பெட்டி மசியவில்லை.

பவர் ஒயர்களைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. அதெல்லாம் மாட்டியாயிற்று. மாட்டிய ஞாபகம் விரல்களிலேயே இருந்தது.

மனைவி படுக்கையில் விழுந்த பிறகு அவர் கைவைத்த மூன்றாவது மெஷின் இது. முதல் இரண்டும் இப்படித்தான் மக்கர் பண்ணின. கொண்டுவந்தவர்கள் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லாமல் வேறு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஊரில் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். அவர் தொட்டால் செத்த பெட்டியும் எழுந்து உட்காரும் என்பார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

கைராசிக்காரர் மூடி போடமாட்டார். பாகங்களை மாற்றியதும் பெட்டியைத் திறந்தபடி விட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். மூடி போட்டு ஸ்க்ரூ முடுக்குவது மனைவியுடைய வேலை. அதன் பிறகு வந்து, வாடிக்கையாளர் எதிரில் பொத்தானை அமுக்குவார். திரை விழிக்கும்.

அவர் டீ குடித்து முடித்து வந்தாலும் சில நாள் அவள் பெட்டியை விட்டு நகர்ந்திருக்க மாட்டாள். நாலு ஸ்க்ரூ முடுக்க ஒரு யுகமா என்று எல்லார் முன்னாலும் கிண்டல் செய்வார். ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்துவிட்டது, தேடிக்கொண்டிருந்தேன் என்பாள். வந்தவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

இப்போது கிண்டல் செய்ய ஆளில்லை. பக்கவாதம் அவளுடைய பேச்சையும் வலது பக்கத்தையும் கொண்டுபோய்விட்டது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். போகிற போக்கில் தன் கைராசியையும் அது வாரிக்கொண்டு போய்விட்டதாக அவர் நம்பினார்.

இதுவும் எழவில்லையென்றால் கடையைச் சாத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தார். வேறு தொழில் தெரியாது.

மிச்சம் ஒரே ஒரு சந்தேகம்தான். கடையின் பிளக் பாயிண்டில் கரண்ட் சரியாக வருகிறதா?

வீட்டின் முன்னறைதான் கடை. உள்ளறையில், அவள் கட்டிலை ஒட்டி நல்ல பிளக் பாயிண்ட் ஒன்று இருந்தது. மூடியில்லாத பெட்டியை இடுப்பில் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிவந்து ஸ்டூலில் வைத்தார். மானிட்டரையும் கொண்டுவந்து மாட்டினார்.

அமுக்கினார். விசிறி சுற்றியது. திரை இருட்டு.

கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. அடக்கவில்லை.

"என்னால முடியல. கடையை மூடிடலாம்னு இருக்கேன்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய இடது கை போர்வையை விட்டு வெளியே வந்தது. தண்ணீர் கேட்கிறாளோ என்று ஸ்பூனை வாயருகே கொண்டுபோனார். உதட்டை இறுக்கிக்கொண்டாள். தலையணையைச் சரிசெய்தார். கை இறங்கவில்லை. பெட்டிக்குள் ஒரே இடத்தைக் காட்டியது.

விரல் காட்டிய பக்கம் குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். விசிறிக்குப் பின்னால், மூலை நிழலில், பிராசஸருக்குக் கரண்ட் கொடுக்கிற சின்ன பிளக் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பு.

சுவிட்சை அணைத்து அதை மாட்டினார். மறுபடி அமுக்கினார். ஒரு பீப் சத்தம். திரை விழித்தது.

அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. திரையின் வெளிச்சத்தில் அவள் பக்கம் திரும்பினார். கேட்காமலிருக்க முடியவில்லை.

"அப்ப, ஒரு ஸ்க்ரூகூடக் கீழ விழலையா?"

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.