செப்புத் தகடு

"கரி, உப்பு, செப்புத் தகடு. செய்வினையேதான்," என்றாள் பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள்.

அம்பத்தூர் வீட்டுக் கொல்லையில் தோண்டிய குழியருகே நாகவல்லி தகட்டுடன் நின்றாள். அதில் சுற்றியிருந்த கம்பி அறுந்து தொங்கியது. போன மாதம் குடித்தனக்காரன் வேலுசாமி இங்கே எதையோ புதைத்ததைப் பார்த்திருந்தாள். அதற்குப் பிறகுதான் அவள் புருஷன் செங்கல்வராயன் காய்ச்சலில் விழுந்தான். இன்றுதான் எழுந்து நடமாடுகிறான்.

ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்த வேலுசாமியின் முகம் தகட்டைக் கண்டதும் வெளுத்தது.

"அதை ஏனுங்க்கா எடுத்தீங்க?"

"யாருக்குடா வச்சே?"

"உங்களுக்காகத்தானுங்க."

"அடப்பாவி! வாயாலயே சொல்றான் பாரு!"

"எடுத்தா உசுருக்கே ஆபத்துங்க்கா. மொதல்ல..."

"என் ஊட்ல இருந்துகினு என்னையே மெரட்றியா? இன்னிக்கே காலி பண்ணு!"

கிணற்றடியில் மோட்டார் உறுமியது. வேலுசாமி சைக்கிளைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினான்.

"ஓட்றான், புடி!" என்று கத்தினாள் வேம்புலியம்மாள்.

மோட்டார் நின்றது.

"இன்னா, கரண்டு பூட்ச்சா?" என்று கேட்டான் கிணற்றடியில் ஈரக் கையுடன் நின்ற செங்கல்வராயன்.

வேலுசாமி பியூஸ் கட்டையுடன் வெளியே வந்தான். "நான்தான் புடுங்குனேன் மாமா. மோட்டாரைத் தொட்டுறாதீங்க. ஷாக் அடிக்குதுன்னு சொன்னீங்கன்னுதான் கரி, உப்பு போட்டுத் தகடு புதைச்சு எர்த் போட்டிருந்தேன். அக்கா எடுத்துட்டாங்க."

நாகவல்லி கையிலிருந்த தகட்டைப் பார்த்தாள். பிறகு குனிந்து, சிதறிக் கிடந்த உப்பை அள்ளிக் குழியில் போடத் தொடங்கினாள்.