வெள்ளைப்புறா அனுப்பிய ரோஜா

தையல்காரி போனைத் தட்டினாள். லைவில் கேம் ஆடிக்கொண்டிருந்த பையனின் திரையில் ஒரு ரோஜா விரிந்தது.

"இந்தப் படத்துக்கா காசு?" தைத்த துணியை வாங்க வந்த புதுப்பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். "யாரு பெத்த பிள்ளைக்கோ எதுக்குக்கா அள்ளி விடறீங்க?"

"ரோஜா அனுப்பினா ஆட்டத்தை நிறுத்திட்டு விசாரிப்பான். என்னை வேற யாரு கேக்கறா? நீயே கேளேன்."

"வாங்க வெள்ளைப்புறாம்மா, சாப்பிட்டீங்களா? நேத்து சொன்ன கால்வலி தேவலையா?" என்றான் போனில் பையன், தையல்காரி லைவில் வைத்திருந்த புனைபெயரைப் படித்து.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. 'தேவலை தம்பி' என்று எழுத்துக் கூட்டித் தட்டினாள். அந்த அவசரத்தில் முழங்கை பட்டுக் கத்தரிக்கோல் தரையில் விழுந்தது.

உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது. காதில் ஹெட்போனோடு அதே பையன் நின்றான்.

"லைவ்ல இருக்கறப்ப சத்தம் போடாதேன்னு எத்தனை தடவைம்மா சொல்றது? மண்டையில ஏறவே ஏறாதா?"

கதவு அறைந்து சாத்தப்பட்டது. வந்தவள் சிரிப்பை விழுங்கினாள்.

"உடம்பைப் பார்த்துக்கங்க வெள்ளைப்புறாம்மா" என்ற குரல் முதலில் அந்தக் கதவு வழியாகவும், கொஞ்சம் பொறுத்துப் போனிலும் கேட்டது.

"கேட்டியா?" என்றாள் தையல்காரி, கதவுக்குக் கேட்காத குரலில்.